தேவாலய இசைப் புலமைப்பரிசில்: சங்கீத சபைச் சான்றிதழ் செல்லாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்

மகளுக்குத் தேவாலய இசைப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. முதல் தவணைப் பணமும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் வட இலங்கைச் சங்கீத சபையின் கர்நாடக சங்கீதப் பரீட்சையில் அவள் வாங்கிய சான்றிதழைப் பற்றி, "உங்கட சங்கீதச் சான்றிதழ் இதுக்குச் செல்லாது" என்று ஒருவர் சொன்ன சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் திருகோணமலையில், பாலையூற்றிலும் உவர்மலையிலும் நிலாவெளியிலும் கோயிலில் பாடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கிற ஒரு பிள்ளையாவது அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பப் படிவம், பாடசாலைக் கடிதம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பாடகர் குழாமில் பாடுகிறாள் என்று பங்குத் தந்தை தரும் கடிதம், இவை எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. பாடசாலைக் கடிதத்தை மட்டும் விடுமுறை தொடங்குமுன் வாங்கிவிடுங்கள்.

முதல் அலைச்சல் ஞானஸ்நானச் சான்றிதழில். மகள் பிறந்தது 2006 கார்த்திகையில், மட்டக்களப்பில். மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டு, வாகரை வழியாகப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்த காலம் அது. அங்கேயே ஒரு கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம். நவம்பர் 22 புனித செசிலியாவின் திருநாள், அவர் இசைக்குப் பாதுகாவலர். அதை ஒட்டிப் பிறந்த பிள்ளை என்று அந்தக் கோயில் பாதர் செசிலியா என்ற பெயரையும் சேர்த்து வைத்தார். அப்போது கிடைத்த சான்றிதழை எத்தனை வீடு மாறியும் பத்திரமாக வைத்திருந்தேன். ஆனால் கொழும்பில் உள்ள புலமைப்பரிசில் அலுவலகத்தில் அதை ஏற்கமாட்டார்களாம், ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதிதான் வேண்டுமாம்.

இதில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதிமுறைத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்திலேயே குறிக்கப்படும். அதனால்தான் திருமணம் போன்றவற்றுக்குப் பழைய பிரதியை ஏற்காமல் புதிதாகக் கேட்பது திருச்சபையில் வழக்கம். பாட்டுக்காரப் பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்கலாம்தான். எழுதியிருக்கிறது, கொடுத்துவிடுவோம் என்று மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன்.

புறப்படுமுன் போன் எடுத்துக் கேட்டேன். "அலுவலகம் திறந்திருக்கும், வாங்கோ" என்றார்கள். விடிய பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர், வாகரை என்று அந்தப் பழைய பாதையிலேயே போய் இறங்கினேன். அலுவலகம் திறந்துதான் இருந்தது. அங்கிருந்த தங்கச்சி பதிவேட்டைக்கூட எடுத்துக் காட்டினா. மகளின் பெயர், எங்கள் இரண்டு பேரின் பெயர், ஞானத்தாய் பெயர் எல்லாம் நீல மையில் அப்படியே இருந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் கையெழுத்து வைக்க வேண்டிய பாதர் தியானத்துக்குப் போய்விட்டார், முத்திரை அவருடைய அலுமாரிக்குள். பின்னேர பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினேன். அலுவலகம் திறந்திருக்குமா என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. கையெழுத்து வைக்கிற பாதர் அன்றைக்கு இருப்பாரா என்று கேளுங்கள். பழைய சான்றிதழில் உள்ள பதிவு எண்ணையும் முதலே சொல்லிவிடுங்கள், தேடும் நேரம் மிச்சம். பிறகு அங்குள்ள மச்சாள் போய் வாங்கி, திருகோணமலைக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டா.

வந்த சான்றிதழைப் பார்த்து இன்னொரு கேள்வி கிளம்பியது. பழையதில் 'திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டம்' என்று இருந்தது, புதியதில் 'மட்டக்களப்பு மறைமாவட்டம்' என்று மட்டும் இருக்கிறது, ஏன் என்றார்கள். 2012 வரைக்கும் இரண்டும் ஒரே மறைமாவட்டம், அந்த வருஷம்தான் மட்டக்களப்பு தனியானது. இதைப் போனில் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் பிள்ளைக்கும் அந்தக் காலத்தில் மட்டக்களப்புப் பக்கம் ஞானஸ்நானம் நடந்திருந்தால், பங்குத் தந்தையின் கடிதத்திலேயே இதற்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் பெயர். பிறப்புச் சான்றிதழில் செசிலியா இல்லை. "ரெண்டும் ஒரே பிள்ளைதான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். தாய் தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கின்றனவே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்து, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எங்கள் பாதரிடமும் ஒரு கடிதம் வாங்கி இணைத்ததோடு அந்தப் பேச்சு நின்றது. நம் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் பூசைப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. கேட்கும்வரை காத்திருக்காமல் சத்தியக் கடதாசியை முதல் கட்டிலேயே வைத்து அனுப்புங்கள்.

கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழைப் பற்றி ஒன்றே ஒன்று. அதன் ஆயுள் ஆறு மாதம்தான். ஆகவே மற்ற எல்லாம் கையில் வந்த பிறகு கடைசியாக எடுங்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லாமல் அனுப்பவே வேண்டாம்.

இனிச் சான்றிதழ்க் கதைக்கு வருகிறேன்.

மகள் சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம், வாய்ப்பாட்டு. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி, அறிமுறை, செய்முறை இரண்டிலும் தேறி, தரம் நான்கு முடித்திருக்கிறாள். பாடசாலையிலும் சங்கீதம்தான் பாடம். ஞாயிறு காலைப் பூசையில், சனம் பல்லவியைத் திருப்பிப் பாடுகிற பதிலுரைப் பாடலை அவள்தான் பாடுவாள். கோயிலில் ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி இருக்கிறது, அதையும் வாசிப்பாள். விதிமுறைத் தாளில் 'அங்கீகரிக்கப்பட்ட இசைப் பரீட்சைச் சான்றிதழ்' என்று இருந்தது. சபையின் சான்றிதழை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

கட்டு அப்படியே திரும்பி வந்தது. மேலே குத்தியிருந்த துண்டில் 'இசைத் தகைமை போதாது' என்று ஒரே வரி. மகள் அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நான் கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, இதுக்கு ட்ரினிட்டி, இல்லாட்டி ரோயல் ஸ்கூல் சேர்டிபிகேட்தான் வேணும். பியானோ, ஓர்கன், அப்பிடி."

"தம்பி, விதியில அப்பிடி எங்க இருக்கு?"

"எழுதியிருக்காது அக்கா. வழமையா அப்பிடித்தான் எடுக்கிறது. உங்கட சான்றிதழ் இதுக்குச் செல்லாது. வேணுமெண்டா ஒரு கிரேட் எழுதிட்டு அடுத்த வருஷம் போடச் சொல்லுங்கோ."

அவர் சொன்ன இரண்டும் லண்டனில் இருந்து நடத்துகிற மேற்கத்திய இசைப் பரீட்சைகள். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் கூட வலித்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பிள்ளை சாதகம் செய்து வாங்கிய தகைமையை, எங்கேயும் எழுதாத ஒரு வழமையைக் காட்டி, குரல் உயர்த்தாமலே இல்லை என்று ஆக்கிவிட்டார். மேற்கத்திய இசையைப் பழிக்க நான் வரவில்லை, அதுவும் பெரிய படிப்புத்தான். அதைச் சொல்லித்தர எத்தனை ஊரில் ஆள் இருக்கிறது, ஒரு பரீட்சைக் கட்டணத்தை எத்தனை வீட்டில் கட்ட முடியும்? மூதூரில், இலக்கந்தையில், வாகரையில் இருக்கிற பிள்ளை பியானோவுக்கு எங்கே போகும்?

போனில் வாதாடுவதை அன்றைக்கே விட்டேன். நல்லதும் அதுதான். கவுன்டரில் இருப்பவர் முடிவு எடுப்பவர் இல்லை. முடிவு தெரிவுக் குழுவுடையது. குழுவின் செயலாளர் பாதருக்கு நேரே கடிதம் எழுதினோம்.

எங்கள் பங்குத் தந்தை உட்கார்ந்து உதவி செய்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டை எடுத்து வந்து 119ஆம் எண்ணைக் காட்டினார். தங்களுக்கென்று ஓர் இசை மரபு உள்ள மக்களிடத்தில் அந்த இசைக்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த எண்ணிலேயே குழாய் ஓர்கனை உயர்வாகப் பேசுகிறது. "ரெண்டையும் சேர்த்து எழுதுங்கோ, ஒண்டை மறைச்சா மற்றது நிக்காது" என்றார் பாதர். இரண்டையும் எழுதினோம். கூடவே மகளின் சங்கீத ரீச்சரிடமும் ஆசிரிய ஆலோசகரிடமும் கடிதம் வாங்கினோம். தரம் நான்குக்கு என்னென்ன படிக்க வேண்டும், எப்படிப் பரீட்சிக்கிறார்கள் என்று ரீச்சர் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தா. சங்கீதம் தெரியாத ஒருவருக்கும் விளங்கும். அந்த ஒரு பக்கம்தான் வழி திறந்தது என்று நினைக்கிறேன். விதியில் இல்லாத நிபந்தனை எதையாவது சொன்னால், அது எந்த விதி எண்ணில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்பதும் எங்கள் கடிதத்தின் ஒரு பகுதி.

பதில் வரச் சுணங்கியது. வந்ததில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. சான்றிதழ் ஏற்கப்பட்டது, குரல் தேர்வுக்கு வரவும் என்று மட்டும் இருந்தது. எனக்கு அது போதும். மகள் அந்தக் கடிதத்தை ஆர்மோனியப் பெட்டிக்கு மேல் கொண்டுபோய் வைத்தாள்.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். விடிய கோட்டையில் இறங்கி, புகையிரத நிலையத்திலேயே முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டோம். தேர்வு நடந்த அறையில் கீபோட் வாசிக்க ஒரு அண்ணா இருந்தார். "எந்த கீ?" என்று கேட்டார். மகள் "ஐந்தரைக் கட்டை" என்றாள். நம் சங்கீதத்தில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். அவர் முழித்தார். ஆனால் ரீச்சர் முதலே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தா: ஒரு கட்டை சி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். துண்டை நீட்டியதும் அவர் சிரித்துக்கொண்டே பிடித்துக் கொடுத்தார். உங்கள் பிள்ளையின் கட்டைக்கு உரிய கீ என்னவென்று கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்.

வருகைப் பாடல் ஒன்று, விருப்பப் பாடல் ஒன்று. அதெல்லாம் நன்றாகவே போனது. பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்கள். "நாங்கள்தான் பூசைக்கு வந்த சனம். பதிலுரைப் பல்லவி ஒன்றை எங்களுக்குப் படிப்பிச்சுப் பாட வையுங்கோ." மகள் விவிலியத்தின் 23ஆம் திருப்பாடலை எடுத்தாள்: 'ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.' தான் பாடிய ஐந்தரையை விட்டு இரண்டரைக் கட்டைக்கு இறக்கினாள். மோகன ராகத்தில், மேல் சட்ஜத்தைத் தொடாமல், ஒரு மூச்சில் பாடி முடிகிற மாதிரிச் சின்னப் பல்லவி. ஏன் இறக்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். "என்ர சுருதியில ஆம்பிளையளும் வயசானவையும் பாட ஏலாது, பாதர். நான் மட்டும் பாடினா அது பதிலுரை இல்லை" என்றாள். இரண்டாம் முறையிலேயே குழு முழுவதும் பாடியது. வாசலில் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசியில் மேற்கத்திய சுரக்குறிப்புத் தாள் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். "இது நான் இன்னும் படிக்கேல்லை. ஸரிகமவில எழுதித் தந்தா பாடுவன்" என்று நேரே சொன்னாள். குழுவில் இருந்த ஒரு சிஸ்டர் பேனையை எடுத்து அந்தத் தாளின் கீழேயே ஸ்வரம் எழுதிக் கொடுத்தா. மகள் ஒரு முறை விரலால் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுப் பாடினாள். தெரியாததைத் தெரியும் என்று பிள்ளைகள் சொல்லவே கூடாது. பரிசில் கிடைத்தபோது அதில் ஒரு நிபந்தனை இருந்தது, முதல் வருஷத்துக்குள் அந்தக் குறிப்பை வாசிக்கப் பழக வேண்டும் என்று. அது நியாயமான நிபந்தனை. இப்போது சனிக்கிழமைகளில் அதற்கும் போகிறாள்.

பணம் வாங்குவதிலும் ஒரு சிக்கல் வந்தது. மகளுக்கு அப்போது பதினெட்டு நிறையவில்லை, இருந்ததோ சிறுவர் சேமிப்புக் கணக்கு. அதில் போட்டால் பதினெட்டு ஆகும்வரை எடுக்க முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். என் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றித் தரும்படி, பாதுகாவலர் என்ற முறையில் ஒரு கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் அனுப்பிச் சரிசெய்தோம். படிவத்தில் கணக்கிலக்கம் எழுதுமுன் வங்கியில் இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் பங்குத் தந்தையின் கடிதமும் சங்கீத ரீச்சரின் முன்னேற்றக் குறிப்பும் போக வேண்டும். எங்கள் பாதருக்கு மாற்றம் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. இரண்டாம் தவணைக்கான கடிதத்தை இந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு வாங்கிவிட்டேன்.