எம்ஜிபிக்கு எத்தனை ஆக்டேன் போதும்?

பெங்களூருவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு விரைவிலேயே பெட்ரோலில் வந்து நிற்கிறது. 100 ஆக்டேன் போட்டால் வண்டி பறக்கும் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் கம்ப்ரெஷன் விகிதம் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டரிலுள்ள கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற எண்) 8-ஐத் தாண்டாத பிரீமியர் பத்மினி காராக இருக்கும். ஆக்டேன் எண் எரிபொருளின் வலுவைக் குறிப்பதன்று. அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக்கின் பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை, மீதிக் கலவை தானாக வெடித்துவிடாமல் (அப்படி வெடிப்பதைத்தான் தட்டல் என்கிறோம்) எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே அது சொல்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, அவ்விரண்டின் கலவையோடு ஒப்பிட்டுத்தான் ஒவ்வொரு பெட்ரோலுக்கும் எண் தருகிறார்கள். தாக்குப்பிடிக்க வேண்டிய தேவையே எழாத இன்ஜினில் கூடுதல் ஆக்டேனுக்கு வேலை இல்லை.

என்னிடம் உள்ள எம்ஜிபிக்கு, அதாவது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு, அந்தத் தேவை உண்டு. 1798 சிசி இன்ஜின், விகிதம் 8.8 என்று கையேடு சொல்கிறது. மட்டமான பெட்ரோல் கிடைத்த நாடுகளுக்காக 8.0 விகிதத்திலும் அதே இன்ஜினைச் செய்து விற்றார்கள். ஆனால் அறுபது ஆண்டு ஓடிய இன்ஜின் கையேட்டில் உள்ள இன்ஜினாக இருப்பதில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர்களில் யாரோ இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை ஃபேஸிங் செய்திருக்கிறார்கள், அதாவது அடிப்பரப்பைச் சீவி எடுத்திருக்கிறார்கள். போரையும் (சிலிண்டரின் விட்டத்தையும்) ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆகவே, எந்தப் பெட்ரோல் என்று கேட்பதற்கு முன் உண்மையான விகிதம் என்ன என்று அளந்துவிடுவதே முறை.

அளப்பது கடினமன்று. கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளும் பிளக்கும் இருந்த இடத்தில் இருக்க, எரி அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டையிட்ட அக்ரிலிக் தகடு ஒன்றை அதன்மேல் அழுத்தி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைக் கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தக் கொள்ளளவோடு கேஸ்கெட்டின் இடம், பிஸ்டன் தலையில் உள்ள குழிவு, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் மட்டத்துக்குக் கீழே மிஞ்சும் இடைவெளி ஆகியவற்றையும் கூட்டினால் என் வண்டியில் 53.6 சிசி வந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஒரு சிலிண்டருக்கு 57.6 அளவில் இருந்திருக்க வேண்டும். பெரிதான போரில் பிஸ்டன் பெருக்கும் கொள்ளளவு 461 சிசி, அதை 53.6 ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 9.6. வார்ப்பிரும்பு ஹெட், தட்டலை உணரும் சென்சார் கிடையாது, டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) தானாகப் பின்தள்ளிக்கொள்ள கணினியும் கிடையாது. அத்தகைய இன்ஜினுக்கு இந்த எண் சற்று அதிகம்தான்.

அடுத்தது டெல்கோ, அதாவது பிளக்குகளுக்குப் பொறியை உரிய நேரத்தில் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். ஜே.சி. ரோடு பக்கம் நான் போகும் பட்டறையின் பெரியவர், "சார், டைமிங்கை ரெண்டு டிகிரி பின்னால தள்ளிட்டா சத்தம் போயிடும்" என்பார். சத்தம் போகும், உண்மைதான். இழுவையும் கூடவே போகும். எரிதல் தாமதமாவதால் எக்ஸாஸ்டும் ரேடியேட்டரும் சூடாகும். டெல்கோவின் உள்ளே எடைகளை இழுத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால், ஐடிலில் டைமிங் சரியாக இருந்தும் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே விழும் அளவு) முழுதாக ஏறிவிடும், தட்டுவது அங்கேதான். ஸ்ட்ரோப் விளக்கை வைத்து எல்லா வேகத்திலும் பார்த்து, ஸ்பிரிங் மாற்றி, முழு அட்வான்ஸை 32 டிகிரியில் நிறுத்திய பிறகே நான் பெட்ரோலைப் பற்றி யோசித்தேன்.

இங்கே ஊரின் உயரமும் கணக்கில் சேர்கிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் பத்து சதவீதம் போலக் குறைவு. சிலிண்டருக்குள் நுழையும் காற்றும் அவ்வளவு குறைகிறது, தட்டும் வாய்ப்பும் குறைகிறது. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் 85 என்ற எண்ணோடு பெட்ரோல் விற்பதும் இதனால்தான். (அந்த ஊர்ப் பெட்ரோல் பங்குகளின் எண் வேறு கணக்கு; அங்கே 91 என்பது நம் 95, 96-க்கு நிகர்.) இந்திராநகரில் சத்தமே இல்லாமல் ஓடும் இதே வண்டி, ஏப்ரல் வெயிலில் வேலூரில் தட்டும். நான் சோதித்துப் பார்ப்பது திரும்பி வரும் வழியில், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும் சாலையில்: நான்காம் கியர், குறைந்த சுழற்சி, முழு ஆக்சிலேட்டர். காதை மட்டும் நம்பாமல், பிறகு பிளக்கைக் கழற்றி லென்ஸில் பார்க்க வேண்டும். வெண்பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் காதுக்கு எட்டாத தட்டல் நடந்திருக்கிறது.

இப்போது பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலே 20 சதவீத எத்தனாலோடு 95 ஆக்டேன் என்றாகிவிட்டது. முன்பிருந்த 91-ஐப் பார்க்க இது முன்னேற்றம் என்று தோன்றும். ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலுக்கென்று அளவு வைத்த எஸ்யு கார்புரேட்டர் கலவையை மெலியவைக்கிறது. மெலிந்த கலவை சூட்டைக் கூட்டி, கிடைத்த ஆக்டேனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஜெட்டைச் சற்று இறக்கி, தேவையானால் ஊசியையும் மாற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாய்களை மாற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஈயத்தின் கதை தனி: இந்தியா முழுதும் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நின்றது, வால்வு சீட்டைக் காத்துவந்த ஈயம் போனதால் வந்த சீட் தேய்மானத்தை எந்த ஆக்டேனும் தீர்க்காது, கடினப்படுத்திய சீட் போட்டே ஆக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு என் வழக்கம் இதுதான். நகருக்குள் ஓட்ட 95-உம் 100-உம் பாதிப்பாதி, அதாவது ஏறத்தாழ 97.5; அந்தக் காலத்து இங்கிலாந்தின் நான்கு நட்சத்திரப் பெட்ரோலுக்கு இது சமம். சென்னைப் பக்கம் இறங்கும்போது டாங்க் முழுக்க 100. அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது சற்றுத் தடித்த கேஸ்கெட் போட்டு விகிதத்தை 9.2-க்குக் கொண்டுவந்துவிட்டால் 100 ஆக்டேனுக்கு ஆகும் செலவும் மிச்சம்.