முதுகுக்கும் காற்று வேண்டும்

மெத்தை வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், கூடவே "கெட்டியா வாங்கலாமா, மெத்துன்னு வாங்கலாமா?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. என்னோடு வார்டில் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தியும் இதையேதான் கேட்டாள். "அக்கா, இடுப்பு வலிக்குது. கெட்டியான மெத்தையே வாங்கிடவா?" நான் பதில் சொல்லாமல் இரண்டு கேள்வி கேட்டேன். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறாய்? எழுந்திருக்கும்போது முதுகுப் பக்கம் சட்டை நனைந்திருக்கிறதா? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. இரண்டாவதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லையாம்.

என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்தில் இருப்பவர்கள், உடம்பின் சூடும் வியர்வையும் எந்த வழியாக வெளியேறும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு மென்மை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் செவிலியர். பெரும்பாலும் இரவுப் பணி. மற்றவர்கள் குளித்துக் கிளம்பும் நேரத்தில் நான் திரைச்சீலையை இழுத்து விட்டுப் படுப்பேன். இரவில் தூங்குகிறவர்களுக்கு உடம்பின் உள்வெப்பம் தானாகவே ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். கையும் காலும் லேசாகச் சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும். அந்த இறக்கம்தான் தூக்கத்துக்கு வழிவிடுகிறது. பகலில் தூங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். காலையிலிருந்து உடம்பின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், அறையும் சூடேறிக்கொண்டே போகும். அதனால் மெத்தையின் சின்னக் குறைகூட எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

அசையாமல் தூங்கும்போதும் நம் உடம்பு ஏறக்குறைய 70, 80 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்றைப் படுக்கையில் இரவு முழுக்க எரிய விட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் வரும் சூட்டை மின்விசிறிக் காற்று கொண்டுபோய்விடும். மெத்தையில் பதிந்திருக்கும் பக்கத்துக்கு அந்தக் காற்று எட்டாது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் முதுகுக்கு மெத்தை விடுகிற காற்றுதான் கிடைக்கும். மூடிய நுரையில் புதைந்து படுத்தால் அந்த இடம் சூடாகி, வியர்த்து, வியர்வை காயவும் வழியில்லாமல் போகும். விழிப்பு வரும், புரண்டு படுப்போம், கொஞ்ச நேரத்தில் அந்த இடமும் சூடாகிவிடும்.

வார்டில் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிலரை இன்னும் சீக்கிரமே, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டும்போது நான் பார்க்கும் இடங்கள் வால் எலும்பு, இடுப்பு எலும்பு, தோள், குதிகால், பின்னந்தலை. எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கும் இடங்கள் இவை. சிவந்திருந்தால் விரலால் மெல்ல அழுத்தி எடுப்பேன். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தத்தோடு ஈரமும் சேர்ந்தால் தோல் ஊறி, இன்னும் வேகமாகப் புண்ணாகும். அதனால்தான் ரெக்சின் உறை போட்ட மெத்தைமேல் பருத்தித் துணி விரித்து, அது நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்கிறோம். வீட்டில் தூங்கும் ஆரோக்கியமானவர்கள் தாங்களாகவே புரள்வதால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் உடம்பு மெத்தையிடம் கேட்பது அதே இரண்டைத்தான். எலும்பு அழுந்தக் கூடாது, ஈரம் தங்கக் கூடாது.

எந்தப் பக்கம் படுக்கிறோம் என்பது எலும்பு அழுந்துவதோடு சேர்ந்த விஷயம். ஒருக்களித்துப் படுப்பவர்களின் எடை தோளிலும் இடுப்பிலும் இறங்கும். மெத்தை அந்த இரண்டு இடத்தையும் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ள வேண்டும், இடுப்புக்கு மேலே உள்ள பள்ளத்தையும் தாங்க வேண்டும். மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரமான கெட்டித்தன்மை போதும். குப்புறப் படுப்பவர்களுக்கு வயிறு கீழே தொய்ந்து முதுகு வளையும் என்பதால் இன்னும் கெட்டியாக வேண்டும். உடல் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒல்லியானவருக்குத் தரை மாதிரி தெரியும் மெத்தையே பருமனானவருக்கு இதமாக இருக்கும். பட்டியலில் "மீடியம்" என்று எழுதியிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் கெட்டி ரகமாக இருக்கும்.

முதுகு வலி என்றாலே பலகை மாதிரி மெத்தையில் படு என்று சொல்வது இன்னும் நிற்கவில்லை. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். வலியும் சிரமமும் அதிகம் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே. அந்தச் சின்னப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் ஒருக்களித்துத் தூங்குகிறவள், உடம்பும் ஒல்லி. பலகைக் கெட்டியில் படுத்தால் வலி தோளுக்கும் சேர்ந்து வரும்.

சரி, எதனால் ஆன மெத்தை? நான் அதிக நேரம் யோசித்தது இங்கேதான்.

மெமரி ஃபோமைப் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள். 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு உருவான நுரை அது. உடம்பின் வடிவத்துக்கு ஏற்பப் பதியும், அழுத்தத்தைப் பரப்பிவிடும், பக்கத்தில் படுத்திருப்பவர் அசைந்தால் நமக்குத் தெரியாது. இதெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் அது சூட்டுக்கு இளகும் நுரை. குளிர்ந்த அறையில் படுத்ததும் கெட்டியாக இருந்து, உடம்பின் வெப்பம் ஏற ஏற மெதுவாக வளைந்துகொடுக்கும். குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு அது சுகம். வெயில் காலத்து அறையில் முதலிலிருந்தே இளகிக் கிடக்கும். அதனால் உடம்பு ஆழமாகப் புதையும், புதையப் புதைய நுரை அதிக இடத்தைச் சுற்றிக்கொள்ளும், சூடு இன்னும் ஏறும். ஏசி போட்டே தூங்குகிறவர்களுக்கு இது பெரிய தொல்லையாகத் தெரியாது. மின்விசிறியை மட்டும் நம்பியிருப்பவர்கள் நன்றாக யோசித்து வாங்குங்கள். ஜெல் கலந்தது குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். கையை வைத்துப் பார்த்தால் ஜில்லென்றுதான் இருக்கும். ஜெல் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், உடம்பின் அளவுக்குச் சூடானதும் அதற்கு மேல் வாங்க இடம் இருக்காது. அது உதவுவது தூங்கப் போகும் முதல் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

எனக்குப் பிடித்தது லேடெக்ஸ். ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி வேக வைத்துச் செய்வது. அச்சில் இருக்கும் ஊசிகளால் மெத்தை முழுக்க மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்கும், அவற்றின் வழியே காற்று போய் வரும். அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் உடனே எழும்பும். அதனால் புதைவது குறைவு, புரள்வதும் சுலபம். எடை மட்டும் மிக அதிகம், தனியாளாகத் தூக்கித் திருப்புவது கஷ்டம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். கையுறை போட்டுக் கை தடித்த சக ஊழியர்களைப் பார்த்தவள் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். "லேடெக்ஸ்" என்று எழுதியிருந்தால் இயற்கையா, செயற்கையா, கலப்பா என்றும் கேளுங்கள். மேலே ஓர் அங்குலம் லேடெக்ஸும் கீழே முழுக்கச் சாதா நுரையும் வைத்து அதே பெயரில் விற்கிறார்கள்.

ஸ்பிரிங் மெத்தையின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம்தான் என்பதால் காற்று நன்றாகப் போகும். கம்பிகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் ரகத்தில் ஒருவர் புரண்டால் மற்றவருக்கும் ஆட்டம் தெரியும். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித் துணிப் பையில் போட்ட பாக்கெட் ஸ்பிரிங்கில் அந்தத் தொல்லை குறைவு, தோளும் இடுப்பும் தனித்தனியாக இறங்கும். ஆனால் மேலே என்ன அடுக்கு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 5 சென்டிமீட்டர் மெமரி ஃபோம் இருந்தால், உடம்புக்குத் தெரிவது அந்த நுரையின் சூடுதான்.

தென்னை நாரை ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திச் செய்யும் மெத்தை காற்றை நன்றாக விடும், கெட்டியாகவும் இருக்கும். மல்லாந்து படுப்பவர்களுக்கு நல்லது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் அதன்மேல் மெல்லிய லேடெக்ஸ் விரிப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இடுப்பு எலும்பு தப்பிக்கும். பஞ்சு மெத்தையில் பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஈரத்தை வெயிலில் காய வைத்தே தீர வேண்டும். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழலாகவும் வெளியே மெழுகுப் பூச்சோடும் இருப்பதால் தண்ணீர் சுலபமாக ஏறாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவை உடைகளில் அதை அடைத்தது இதனால்தான். நாளாக ஆகப் படிந்துவிடும், பிரித்து அடித்துத் தைக்க வேண்டும். அந்த உழைப்புக்குத் தயார் என்றால் வெப்பமான இடங்களுக்கு அதைவிடத் தோதானது அதிகம் இல்லை.

நுரை மெத்தை வாங்குகிறவர்கள் அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். அது கெட்டித்தன்மையின் அளவு அல்ல, மெத்தை எவ்வளவு நாள் உழைக்கும் என்பதன் அளவு. அடர்த்தி குறைந்த நுரை நீங்கள் படுக்கும் இடத்தில் சீக்கிரம் குழி விழும்.

மெத்தையைச் சரியாக வாங்கிவிட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ள உறையைப் போட்டால் காற்றுவழி எல்லாம் அடைந்துவிடும். குழந்தையோ முதியவரோ படுக்கும் படுக்கைக்கு அது தேவை, மற்றவர்களுக்குத் தடிமனான பருத்தி உறையே போதும். அதைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். தூசு உண்ணிகள் நம் தோல் துகளைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழ்பவை. தும்மலும் இளைப்பும் உள்ளவர்கள் விரிப்பையும் உறைகளையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும். அடியிலும் காற்று போக வேண்டும். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்ட கட்டில் நல்லது, இடைவெளி 7 சென்டிமீட்டரைத் தாண்டினால் நுரையும் லேடெக்ஸும் தொய்யும். தரையில் அப்படியே போட்டுப் படுப்பவர்கள் தினமும் நிமிர்த்தி வையுங்கள். சூடான உடம்பும் குளிர்ந்த தரையும் சேர்ந்தால் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். குளிர் பிரதேசங்களில் இது இன்னும் அதிகம்.

சோதித்துப் பார்க்கும்போது கூச்சப்படாதீர்கள். உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. நீங்கள் தூங்கும் விதத்திலேயே கால் மணி நேரம் படுங்கள். மல்லாந்து படுப்பவர் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்கலாம். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அதிகக் கெட்டி, நுழையவே மாட்டேன் என்றால் அதிக மென்மை. ஒருக்களிப்பவர்கள் கூட வந்தவரை முதுகுப் பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து வால் எலும்புவரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். தலையணையையும் கையோடு எடுத்துப் போங்கள். தோள் மெத்தையில் எவ்வளவு இறங்குகிறதோ அதைப் பொறுத்துத் தலையணையின் உயரம் மாறும்.

என் வீட்டில் ஒரே மெத்தைக்கு இரண்டு ஷிப்ட். இரவு முழுக்க என் கணவர் படுத்து எழுந்த மெத்தையில்தான் காலையில் நான் படுக்க வேண்டும். அவரோ மல்லாந்து தூங்குகிற பருமனான மனிதர், நான் ஒருக்களிப்பவள். அதனால் கெட்டியான லேடெக்ஸ் மெத்தை, என் பக்கம் மட்டும் மேலே இரண்டு அங்குல மென்மையான லேடெக்ஸ் விரிப்பு என்று முடிவு செய்தோம். பக்கத்துக்குப் பக்கம் உயரம் கொஞ்சம் மாறுவது எங்களுக்குத் தொல்லையாக இல்லை. அவர் எழுந்ததும் மேலே விரித்த துணியை முழுக்க உருவி, ஜன்னலைத் திறந்து, விசிறியை வேகமாக வைத்துவிடுவார். நான் வீடு வந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை மெத்தை அப்படியே திறந்து கிடக்கும். அதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும். இரண்டு பேருக்கும் விடுமுறை அமையும் நாளில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுகிறோம்.