கிளம்ஸின்னா என்ன ஆயா கேட்டாக

அண்ணன் மக டைரில டீச்சர் "கிளம்ஸி"ன்னு எழுதி விட்ருக்காங்க, காரைக்குடில இருந்து ஆயா போன் போட்டு அப்புடின்னா என்னத்தா, வியாதியான்னு கேக்குறாக. புள்ள வளவுல ஓடுனா தூண்ல இடிச்சுக்குவா, டம்ளர் கைல நிக்காது, அவ்ளோதான்.

நம்ம பக்கம் பட்டுன்னு தத்தின்னு சொல்லிடுறோம், அது அறிவையும் சேத்துத் திட்டுற வார்த்தை, எனக்குப் புடிக்கவே புடிக்காது. கிளம்ஸி அது இல்ல, கை காலு சொன்ன பேச்சு கேக்கலங்குறது மட்டும்தான். பழைய இங்கிலீஷ்ல குளிர்ல வெறைச்சு மரத்துப்போறதச் சொன்ன வார்த்தைல இருந்து வந்துச்சு. ஐஸ்கட்டிய கொஞ்ச நேரம் புடிச்சிட்டு ஊசில நூல் கோத்துப் பாருங்க, அதான் கிளம்ஸி. (பக்குவமில்லாம கேட்ட மன்னிப்பையும் கிளம்ஸிம்பாங்க.)

முன்ன டாக்டருங்களே கிளம்ஸி சைல்ட் சிண்ட்ரோம்னு சொன்னாங்க, இப்ப டிஸ்ப்ராக்ஸியாங்குறாங்க, 100 புள்ளைல 5, 6 பேருக்கு இருக்கலாமாம், ஆக்குபேஷனல் தெரபி (தினசரி வேலைகள செய்யப் பழக்கி விடுற பயிற்சி) குடுத்தா நல்லாவே முன்னேறும். இடிச்சுக்குற எல்லாருக்கும் அது இல்ல, ஆனா தினசரி வேலையே கஷ்டமா இருந்தா காட்டிறணும், திட்டக்கூடாது.

எல்லாம் கேட்டுட்டு ஆயா, சரித்தா, நாளைலேருந்து கோலம் போட பக்கத்துல உக்கார வச்சுக்கிறேன்னாக.