பனியில் நின்ற மாடு

அமெரிக்க ஓவியர் சார்லஸ் ரஸ்ஸலின் பெரிய ஓவியங்களைவிட, உள்ளங்கை அளவுள்ள ஒரு நீர்வண்ணப் படம்தான் எனக்கு உயிர். எலும்பு துருத்திய ஒரு மாடு பனியில் தள்ளாடி நிற்கிறது. சுற்றிலும் ஓநாய்கள், அவசரமில்லாமல் காத்திருக்கின்றன.

1886-87 குளிர்காலம் அமெரிக்காவின் மொன்டானா பகுதி மேய்ச்சல் நிலங்களில் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மந்தை எப்படி இருக்கிறது என்று ரஸ்ஸல் வேலை பார்த்த பண்ணையின் முதலாளி கடிதத்தில் கேட்டார். பதிலாகப் போனது இந்தப் படம். அதைப் பார்த்தபின் என்ன கேட்க முடியும்!

செயின்ட் லூயிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ரஸ்ஸல். 16 வயதில், 1880இல், மொன்டானாவுக்குப் போய்விட்டார். ராத்திரியில் மந்தைக்குக் காவல், பகலில் மற்ற கௌபாய்களைப் பார்த்துப் பார்த்து வரைவது. குதிரை துள்ளும்போது சேணத்தில் உடம்பு எப்படித் திருகும் என்பதை அவர்களோடு கூடவே வாழ்ந்து கற்றார். அது கோட்டில் தெரிகிறது.

அப்புறம், நான்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1896இல் அவரை மணந்தவர். படங்களுக்குத் துணிந்து நல்ல விலை கேட்டவர் இவர்தான்.

1926இல் ரஸ்ஸல் இறந்தபோது, மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ் நகரில் அவர் உடலைக் குதிரை வண்டியிலேயே கொண்டுபோனார்கள்.