26 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஃப்ராக்டல் எஃப்எஸ்எஸ்: எம்.இ. புராஜெக்டில் சறுக்கும் இடங்கள்

எஃப்எஸ்எஸ் (frequency selective surface) என்பது ஒரே உலோக வடிவத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, சில அதிர்வெண்களைத் தடுத்து மற்றவற்றை விடும் பரப்பு. அந்த வடிவம் தன்னையே சிறிது சிறிதாகத் தனக்குள் கொண்டிருந்தால் அது ஃப்ராக்டல். முதல் ரிவ்யூவிலேயே வந்துவிடும் கேள்வி: "சதுர லூப் போதாதா, எதுக்கு ஃப்ராக்டல்?" "சைஸ் குறையும் சார்" என்பது பாதி பதில்தான். மீதியை எண்களோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

24.25 முதல் 27.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை எடுத்துக்கொள்வோம். 2022 ஏலத்தில் இந்தியாவில் 5ஜிக்காக விடப்பட்ட மில்லிமீட்டர் அலைப் பட்டை அது. அதைத் தடுத்து மற்றதை விடும் பரப்பு வேண்டும். நடு அதிர்வெண் 25.875, அலைநீளம் 11.59 மி.மீ. லூப்பின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளம் ஆகும்போது அது ஒத்ததிரும். போர்டு 0.254 மி.மீ. ஆர்டி டுராய்ட் 5880, பெர்மிட்டிவிட்டி 2.2. மறுபக்கம் காற்று என்பதால் பயனுறு மதிப்பு 1க்கும் 1.6க்கும் இடையில் விழும். அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு அலைநீளம் சுருங்கும். 1.3 என்று வைத்தால் சுற்றளவு 10.16 மி.மீ., பக்கம் 2.54 மி.மீ.

இப்போது கிரேட்டிங் லோப்: செல் (திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டம்) பெரிதானால் வேண்டாத திசையில் கிளம்பும் கூடுதல் கற்றை. 60 டிகிரி சாய்வு வரை, 27.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை அது வரக்கூடாது என்றால் செல்லின் அகலம் 10.9 / 1.866, அதாவது 5.84 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சாதாரண சதுர லூப்பே 2.9 மி.மீ. செல்லில் அடங்கிவிடுகிறது. ஆகவே "கிரேட்டிங் லோபைத் தவிர்க்க ஃப்ராக்டல்" என்று வைவாவில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். சொல்லத்தக்க காரணங்கள் இரண்டு. செல் சிறுத்தால் அலை சாய்ந்து விழும்போது ஒத்ததிர்வு இடம்பெயர்வது குறையும். அல்லது, ஒரே வடிவத்தில் இரண்டு பட்டை வேண்டும். முக்கோணத்துக்குள் முக்கோணமாக அமையும் சியர்பின்ஸ்கி வடிவை வைத்து ஆய்வாளர்கள் ரோமேவும் ரஹ்மத்-சமியும் 2000இல் காட்டியது அதைத்தான். உங்கள் காரணம் எது என்று தலைப்பு வைக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

சாய்வுதான் காரணம் என்றால் மின்கோவ்ஸ்கி லூப் வசதி. நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் நேராக விழும் அலையின் துருவமுனைவு (போலரைசேஷன்) எதுவானாலும் பதில் மாறாது. ஒவ்வொரு பக்கத்தின் நடு மூன்றில் ஒரு பங்கை, பக்க நீளத்தில் 0.2 பங்கு ஆழத்துக்கு உள்ளே தள்ளுங்கள். பக்கம் 1.4 மடங்கு நீளும். 10.16ஐ 5.6ஆல் வகுத்தால் 1.81 மி.மீ. வருகிறது. இதை அப்படியே நம்பி வரைந்தால் ஒத்ததிர்வு மேலே போய் நிற்கும். காரணம் எளிது: பள்ளத்தின் இரு சுவர்களிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கிறது. நீளம் கூடிய அளவுக்கு இண்டக்டன்ஸ் கூடுவதில்லை. 2 மி.மீ.யை ஒட்டித் தேடுங்கள். செல்லையும் சேர்த்தே சுருக்க வேண்டும், 2.3 மி.மீ. அளவுக்கு. செல்லை 2.9லேயே விட்டுவிட்டு லூப்பை மட்டும் சுருக்கினால் பட்டை ஒடுங்கும். நமக்கோ 12.6 சதவீத அகலம் வேண்டும்.

இரண்டாம் சுற்று (கிடைத்த துண்டுகளிலும் அதே பள்ளத்தை மறுபடி போடுவது) போட்டால் ரிப்போர்ட்டில் படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். 2 மி.மீ. பக்கத்தில் முதல் சுற்றின் துண்டு 0.67, இரண்டாவதில் 0.22 மி.மீ. கோட்டின் அகலம் 0.15 என்றால் பள்ளத்துக்குள் மிஞ்சும் இடைவெளி 0.07. பல பிசிபி கடைகள் 0.1க்குக் கீழே எடுப்பதில்லை. மூன்றாம் சுற்றில் துண்டே 0.074 மி.மீ.

சிமுலேஷனில் யூனிட் செல் எல்லை (ஒரு செல்லை முடிவில்லாத பரப்பாகக் கொள்வது), ஃப்ளோகே போர்ட் (அந்தப் பரப்புக்கு அலையை அனுப்பி வாங்கும் வாயில்), டிஇ, டிஎம் (அலை விழும் தளத்துக்கு முறையே மின்புலம், காந்தப்புலம் செங்குத்தாக இருப்பவை) இரண்டு மோடுகள் போதும். போர்ட்டைப் பரப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள். கால் அலைநீளமாவது தள்ளியிருந்தால்தான் உயர் மோடுகள் அடங்கும். 0, 30, 45, 60 டிகிரியில் இரண்டு மோடுகளுக்கும் ஓட்டுங்கள். டிஇயில் தடுப்புப் பட்டை விரிவதும் டிஎம்மில் சுருங்குவதும் இயல்பே. அதைப் பிழை என்று நினைத்து மெஷ்ஷோடு மல்லுக்கட்ட வேண்டாம். 60 டிகிரி டிஎம்மிலும் முழுப் பட்டை அடங்குகிறதா என்பதுதான் கடினமான நிபந்தனை.

செம்பு 35 மைக்ரான் வாங்காதீர்கள், 17 போதும். அமிலம் பக்கவாட்டிலும் அரிக்கும். தடிமன் கூடக் கூட அரிப்பும் கூடும். கோடு மெலிந்தால் இண்டக்டன்ஸ் ஏறும், பக்கத்து லூப்புடன் இடைவெளி விரிந்தால் கப்பாசிட்டன்ஸ் இறங்கும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் விளைவை ஊகித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு விளிம்பையும் 20 மைக்ரான் கூட்டியும் குறைத்தும் இரண்டு மாடல் ஓட்டி வையுங்கள். போர்டு வந்ததும் மைக்ரோஸ்கோப்பில் கோட்டை அளந்து எந்த மாடல் பொருந்துகிறது என்று பாருங்கள்.

அளவீட்டில் பலரும் தவறவிடுவது ஹார்ன், அதாவது அலையை அனுப்பி வாங்கும் கொம்பு வடிவ ஆன்டெனா. லேபில் இருக்கும் டபிள்யூஆர்-28 ஹார்ன் 26.5 முதல் 40 ஜிகாஹெர்ட்ஸுக்கானது. நம் பட்டையில் பெரும்பகுதி அதற்குக் கீழே. 22 முதல் 33 வரை போகும் டபிள்யூஆர்-34 கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள். 65க்கு 65 செல் அடித்தால் ஏறக்குறைய 15 செ.மீ. தகடு. 20 டிபிஐ ஆதாயம் (கெய்ன்) உள்ள ஹார்னை 30 செ.மீ. தள்ளி வைத்தால் கற்றை சுமார் 9.5 செ.மீ. விரியும்; நேராக விழும்போது போதும். 60 டிகிரி திருப்பினால் தகட்டின் தோற்ற அகலம் 7.5 செ.மீ.தான். கற்றை ஓரத்தில் வழியும், எஸ்21இல் (பரப்பைக் கடந்து மறுபக்கம் சேரும் அலையின் அளவு) தெரியவேண்டிய தடுப்புப் பள்ளம் தூர்ந்துபோகும்.

சிமுலேஷனில் -35 டெசிபல், அளவீட்டில் -18 என்றால் டிசைனைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் தகட்டைத் தாங்கும் அப்சார்பர் (அலையை உறிஞ்சும் பொருள்) சட்டத்தைக் காலியாக வைத்து எஸ்21ஐப் பதிந்து, அதையே 0 டெசிபலாகக் கொள்ளுங்கள். பிறகு அதே அளவு முழுச் செம்புத் தகட்டை மாட்டுங்கள். அதுவும் -18 காட்டினால், அதற்குக் கீழே எதையும் அந்த அமைப்பில் அளக்கவே முடியாது. அந்தக் கோட்டையும் அதே கிராஃபில் போட்டு ரிப்போர்ட்டில் வையுங்கள்.