மறு பாதிப் புலமையோடு வந்தவர்கள்

ஆசிரியர் சொல்வதை முழுக் கவனத்தோடு கேட்டாலும் ஒரு மாணவருக்குக் கால் பங்குதான் பிடிபடும். உடன் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால் பங்கு வரும். மிச்சமுள்ள அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் போட்டுக் காட்டும் கணக்கு இது. 13ஆம் நூற்றாண்டில் எழுதியது. ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் வேலை பார்க்கிற எனக்கு இதைவிடச் சரியான கணக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

இதன்படி பார்த்தால், எங்கள் கல்வியியல் கல்லூரியில் பட்டம் வாங்குகிற ஒவ்வொருவரும் பாதிப் புலமையோடுதான் வெளியே போகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறு பாதியைக் கொடுக்கும் சக்தி எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. அது பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்கு முன்னால், பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் இருக்கிறது. அந்தப் பாதியைச் சம்பாதித்துக்கொண்டவர்கள் எங்கள் பழைய மாணவர்கள். பட்டமளிப்புக் கொண்டாட்டத்தைப் பற்றி நான் நினைப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். புதிதாகப் பட்டம் பெறுகிறவர்களையும் பழைய மாணவர்களையும் ஒரே நாளில், ஒரே கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். அதுவும் அடுத்தடுத்த நாற்காலிகளில்.

பழைய மாணவர்களை விழாவுக்கு அழைப்பது எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதுதான். ஆனால் யாரை அழைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கல்வி அதிகாரியாக உயர்ந்தவர், பேராசிரியராகிப் பாடநூல் எழுதியவர், பெரிய பள்ளி ஒன்றின் நிர்வாகியானவர் என்று பட்டியல் போகும். அவர்களுடைய உழைப்பு சாதாரணமானதல்ல. மேடையில் அமர எல்லாத் தகுதியும் உடையவர்கள். அப்படியிருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வகுப்பறையிலிருந்து வேறு பொறுப்புக்குப் போனவர்களை மட்டும் மேடையேற்றினால், எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்? வகுப்பறை ஒரு தொடக்கப் படி, கெட்டிக்காரர்கள் அங்கிருந்து ஏறிப் போய்விடுவார்கள் என்றுதானே? ஆறாம் வகுப்புக்கு வருடக்கணக்காக அறிவியல் எடுக்கிற ஒருவர், இந்த ஆண்டு பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிற ஒருவர், எங்கள் கல்லூரிக்குக் கிடைத்த பெரிய பெருமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விழாவுக்குப் பொறுப்பேற்றபோது இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னேன். தயக்கம் இருந்தது, எதிர்ப்பு இல்லை. காலையில் வழக்கமான நிகழ்ச்சி அப்படியே இருக்கட்டும், பிற்பகலை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். இன்றைக்கும் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் பழைய மாணவர்களைப் பாடவாரியாக அழைத்தோம். என்ன பேச வேண்டும் என்று கேட்டு நிறையப் பேர் போன் செய்தார்கள். பேச வேண்டாம், பிள்ளைகளாக உட்கார்ந்தால் போதும் என்று சொன்னோம்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சி, ஆசிரியர் படிப்பு படித்த எல்லோருக்கும் தெரியும். 1963ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய முறை அது. ஐந்து நிமிடம் போல ஒரு சின்னப் பாடம், சில மாணவர்கள், ஒரே ஒரு திறன். பாடம் முடிந்ததும் கருத்து கேட்டு, திருத்தி, மறுபடி எடுக்க வேண்டும். கல்லூரியில் இதைச் செய்யும்போது உடன் படிப்பவர்களே மாணவர்களாக உட்காருவார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள். நண்பனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று கைகட்டி உட்கார்ந்து, கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். அதனால் அந்தப் பயிற்சியின் உயிர் பாதியில் நின்றுவிடும். இந்த இடத்தில்தான் பழைய மாணவர்கள் தேவைப்பட்டார்கள். உண்மையான பிள்ளைகள் உண்மையில் கேட்ட கேள்விகள் அவர்களிடம் இருந்தன.

கணிதக் குழுவில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று காலையில்தான் பட்டம் வாங்கிய ஒரு பெண், பூஜ்யத்தால் வகுப்பது பற்றிப் பாடம் எடுத்தார். நல்ல கையெழுத்து, தெளிவான குரல். ‘எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது, அது வரையறுக்கப்படவில்லை’ என்று எழுதி அடிக்கோடிட்டார். முன் வரிசையில் மாணவியாக உட்கார்ந்திருந்தவர் எங்களிடம் நெடுநாள் முன்பு படித்துவிட்டு நடுநிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறவர். கையைத் தூக்கினார்.

“டீச்சர், யாரு வரையறுக்கல?”

கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். பாடம் எடுத்த பெண்ணும் சிரித்தார். ஆனால் பதில் வரவில்லை. கேள்வி கேட்டவர் சிரிக்கவில்லை, உண்மையான ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். தன் வகுப்பில் ஒரு சிறுவன் இதே முகத்தோடு கேட்டான் என்று பிறகு சொன்னார். கணிதத்தில் விதிகளை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார், இந்த ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டுவிட்டார் என்று அந்தப் பையன் புரிந்துகொண்டிருக்கிறான். ‘வரையறுக்கப்படவில்லை’ என்ற சொல்லைக் கேட்கிற பிள்ளைக்கு அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை.

அப்புறம் அவரே எழுந்து, நீங்கள் அனுமதித்தால் நான் செய்வதைக் காட்டுகிறேன் என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டார். 12ஐ 3ஆல் வகுப்பது என்றால் 12லிருந்து எத்தனை முறை 3ஐ எடுக்கலாம் என்று பார்ப்பது. 9, 6, 3, 0. நான்கு முறை, முடிந்தது. இப்போது 12லிருந்து 0ஐ எடுங்கள். 12. மறுபடி எடுங்கள். 12. மறுபடி. அவர் எழுதிக்கொண்டே போனார், பலகையில் 12, 12, 12 என்று வரிசை நீண்டது. தன் வகுப்பில் இதைச் செய்தபோது பிள்ளைகள் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்களாம். கடைசியில் அதே பையன், “டீச்சர், இது முடியவே மாட்டேங்குது” என்றானாம். “அதான் பதில்” என்று சொன்னேன் என்றார்.

எண்களைப் பற்றி மேலும் ஆழமாகப் போனால் இது முழு விளக்கம் ஆகாது என்பது கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன என்ற கேள்வி அடுத்தாற்போல் நிற்கிறது. அதை அடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன் என்றும் அவர் சொன்னார். எனக்குப் பெரிதாகப் பட்டது, பாடம் எடுத்த பெண் அந்த நிமிடமே தன் பாடத்திட்டக் குறிப்பை எடுத்து ‘யாரு வரையறுக்கல?’ என்று எழுதிக்கொண்டதுதான். பட்டம் வாங்கிச் சில மணி நேரத்தில் அவருக்கு மறு பாதியின் முதல் துளி கிடைத்துவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

அறிவியல் குழுவில் வேறொன்று நடந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவு எங்கள் பாடத்தில் இருக்கிறது: சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாவது ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதில் சொல்ல முன்வருகிறவர்கள் கூடுகிறார்கள், ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைகின்றன. தேர்வில் இதை எழுதாத மாணவர் கிடையாது. ஆனால் பாடம் எடுக்கும்போது மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பள்ளியில் பௌதிகம் எடுக்கும் ஒரு பழைய மாணவர், கேள்வி கேட்டதும் திரும்பிப் போய்ப் பலகையின் ஓரத்தைத் துடைப்பேன் என்றார். அழிக்க எதுவும் இருக்காது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும், அவ்வளவுதான் என்றார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழியை அன்று பட்டம் வாங்கியவர்கள் அத்தனை பேரும் குறித்துக்கொண்டார்கள்.

காலை நிகழ்ச்சியையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நடந்து வருகிற அந்தச் சில அடிகளுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. வேறு வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, கற்பிக்கத்தான் வேண்டும் என்று திரும்பிப் படிக்க வந்தவர்கள் இருந்தார்கள். கைக்குழந்தையோடு பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்தவர் இருந்தார். குடும்பத்திலேயே முதல் பட்டதாரிகள் இருந்தார்கள். கைதட்டல் அவர்களுக்கு வேண்டும், வீட்டாருக்கும் வேண்டும்.

அந்த நாளுக்கு வேறு சிலரையும் அழைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்: ஆசிரியர் வேலையை விட்டுவிட்ட பழைய மாணவர்கள். அவர்களை யாரும் எந்த விழாவுக்கும் கூப்பிடுவதில்லை. 2030க்குள் உலகம் முழுவதும் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் கூடுதலாக 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பணியை விட்டு விலகுகிறவர்களின் விகிதம் 2015இல் 4.6 சதவீதமாக இருந்து 2022இல் ஏறத்தாழ 9 சதவீதமாகியிருக்கிறது. புதிதாக எத்தனை பேருக்குப் பட்டம் கொடுத்தாலும், போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்காமல் இந்தப் பள்ளம் நிரம்பாது. அழைத்தவர்களில் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, பிள்ளைகளால் நான் விலகவில்லை என்றார். முதல் வருடம் முழுக்கப் பாடம் சரியாகப் போகிறதா என்று கேட்கக்கூட ஆள் இல்லை, பக்கத்து வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று தனக்கும் தெரியாது, தன் வகுப்பில் நடப்பது அவர்களுக்கும் தெரியாது என்றார். குரலில் கோபம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள்.

அவர் சொன்னது ஜப்பானிய ஆசிரியர்களின் பழக்கம் ஒன்றை எனக்கு நினைவூட்டியது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் வகுப்பறையில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு ஆசிரியரைப் பற்றி இருக்காது, அந்தப் பாடத்தைப் பற்றியும் பிள்ளைகள் அதை எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதைப் பற்றியும் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இது நடந்துவருகிறது. நன்னூல் சொல்கிற உடன் பயில்வோரின் கால் பங்கு, வேலைக்குப் போன பிறகும் நின்றுபோகாமல் இருக்க இது ஒரு வழி.

அதனால் இந்த முறை விழா முடியும்போதே இன்னொரு சந்திப்புக்கும் நாள் குறித்துவிட்டோம். அக்டோபர் 5, உலக ஆசிரியர் தினம். ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரையை 1966இல் அந்தத் தேதியில்தான் ஏற்றார்கள். 1994 முதல் கொண்டாடி வருகிறோம். இப்போது பட்டம் வாங்கியவர்கள் அதற்குள் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். சிறப்பு விருந்தினர் கிடையாது, நினைவுப் பரிசு கிடையாது. ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டு வர வேண்டும், வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டு, தங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி. கணிதக் குழுவை நடத்த அந்த நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைக்குப் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பாடத்தை அந்தப் பெண்தான் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.