அடைப்புக்குறிக்குள் ஒரு தீவு

1972ஆம் ஆண்டு மே மாதம் இலங்கை குடியரசானபோது நான் எட்டாம் வகுப்பு. மகாராணி எங்களை விட்டுப் போனதைப் பற்றி வகுப்பில் எவரும் கவலைப்பட்டதாக ஞாபகமில்லை. அதனால் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு வீட்டுவேலை மட்டுந்தான்.

தந்தவர் அட்லஸ் மாஸ்டர். (சொந்தப் பெயரை எழுதவில்லை. பட்டப்பெயரே உங்களுக்குப் போதும்.) அந்தப் பெரிய தேசப்படப் புத்தகத்தை ஒரு பழைய சாரத்தில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். அன்று இந்து சமுத்திரத்தை விரித்து வைத்து, எறும்பளவு எழுத்துகளை எங்களைக் கொண்டு வாசிப்பித்தார். சாகோஸ், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘பிரி.’, அதாவது பிரித்தானியாவுக்குச் சொந்தம். ரீயூனியன், கீழே ‘பிரா.’, பிரான்சுக்குச் சொந்தம். மொரிசியஸ் 1968இல்தான் அந்தக் குறியிலிருந்து கழன்றது என்றார். “முதல்லை அடைப்புக்குறியை வாசியுங்கோ. பிறகு தீவின்ரை பேரை வாசியுங்கோ.”

எங்கள் யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் அம்ஸ்டர்டாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று அவர் சொன்னதும் வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வீட்டுவேலை இதுதான்: கற்பனையாக ஒரு தீவு வரைய வேண்டும். மலை, ஆறு, மழை, பயிர், பட்டினம் எல்லாம் காட்ட வேண்டும். யாருடைய ஆட்சி என்பதும் எழுத வேண்டும்.

நான் வரைந்தது மாங்காய் வடிவில் ஒரு தீவு. பெயர் கனகதீவு. அடைப்புக்குறிக்குள் ‘கர.’ என்று போட்டேன். கரவெட்டிக்குச் சொந்தமான கடல்கடந்த மாகாணம் அது. பெரியப்பாவைக் கவனராக, அதாவது ஆளுநராக, நியமித்தேன்; ஊரில் கோட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தீவிலிருந்து தேனும் பலாப்பழமும் எங்களுக்கு வரும். நாங்கள் புகையிலையும் பனங்கட்டியும் அனுப்புவோம். நடுவில் மலை, சுற்றிவரத் தென்னை, நாலு பக்கமும் நல்ல மழை.

பத்துக்கு நாலு. சிவப்பு மையில் இரண்டு கேள்விகள்: ‘காற்று எந்தப் பக்கம்?’ ‘அங்கு இருப்பவர்களைக் கேட்டீரா?’ எனக்குப் பக்கத்தில் இருந்த காரைநகர்ப் பொடியன் ஒல்லாந்தையே ஒரு தீவாக்கி, அதற்குக் கீழே ‘காரை.’ என்று போட்டிருந்தான். அவனுக்கு ஒன்பது! எனக்குக் கிடைத்தது ‘கவனர்’ என்ற பட்டம். இன்றைக்கும் பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பின்னாலிருந்து யாராவது “கவனர்!” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

1984இல் பாரிஸ் வந்தேன். உணவகம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவும் வேலை. அங்கே கறி வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைவிடக் கறுப்பு. முகத்தைப் பார்த்துத் தமிழில் கதைத்தேன். பிரெஞ்சில் பதில் வந்தது. ரீயூனியன்காரர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர். அங்கே அவர்களை ‘மலபார்’ என்பார்கள். பிரான்சுக்கு ஆட்களைக் கூட்டிவந்த அரசாங்கத் திட்டம் ஒன்றில் எழுபதுகளில் வந்திருக்கிறார். பொலிஸ் மறித்தால் இருவரையுந்தான் மறிக்கும். நான் அகதி அட்டையைக் காட்டுவேன், அவர் பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டுவார். பொலிஸ்காரன் அவருடைய அட்டையைத்தான் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு, 2009இல், நானும் மனைவியும் போனோம். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து பதினொரு மணித்தியாலம் பறந்தும் வெளிநாடு வரவில்லை. அதே நாடு, அதே யூரோ. 2002 ஜனவரி முதலாம் திகதி யூரோ புழக்கத்துக்கு வந்தபோது நேர வித்தியாசத்தால் அங்கேதான் முதல் வியாபாரம் நடந்ததாம், ஒரு கிலோ லைச்சிப் பழம். நண்பர் அதைச் சொல்லும்போது பாரிஸை ஓட்டப்பந்தயத்தில் வென்ற மாதிரி முகம்.

மாஸ்டரின் முதலாவது கேள்விக்குப் பதில் அங்கே கண்ணுக்கு முன்னால் கிடந்தது. காற்று தென்கிழக்கிலிருந்து வந்து மலையில் முட்டுகிறது. கிழக்குப் பக்கம் பச்சைப் பசேல், மேற்கு எங்கள் வடமராட்சி மாதிரி வறட்சி. 1966 ஜனவரியில் மலையில் ஃபொக் ஃபொக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீற்றர் மழை பெய்தது உலக சாதனை. யாழ்ப்பாணத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. கிழக்குத் தண்ணீரை மேற்குக்குக் கொண்டுபோக மலையையே குடைந்திருக்கிறார்கள். என் கனகதீவு நாலு பக்கமும் நனைந்தது சுத்தப் பிழை.

இரண்டாவது கேள்வியை நண்பரிடமே கேட்டேன். செந்தாந்த்ரேயில் அவர் வீட்டு விறாந்தையில், சாப்பாட்டுக்குப் பிறகு. அவருடைய தாயார் முருங்கை இலை சமைத்திருந்தார். அதற்கு அங்கேயும் ‘முருங்க்’ என்றுதான் பெயர். அந்த அம்மாவுக்குத் தமிழில் தெரிந்தது மாரியம்மன் பாட்டில் நாலு வரி, அதுவும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்து வாசிப்பது.

“கேட்டதா? கேட்டதே நாங்கள்தான்” என்றார் நண்பர். தீவின் பிரதிநிதிகளான ரேமோன் வெர்ஜேஸும் லெயோன் த லெப்பெர்வான்ஷும் கரீபியன் தீவான மார்ட்டினிக்கின் எமே செசேரோடு சேர்ந்து வாதாடித்தான் 1946 மார்ச் 19இல் இந்தக் குடியேற்றங்கள் பிரான்சின் மாவட்டங்களாகின. பிரிந்துபோக அல்ல, பாரிஸ்காரனுக்கு உள்ள உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு இது பெரிய அதிர்ச்சி. எங்கள் ஊர் அரசியலில் வளர்ந்த மூளைக்குள் இது இலேசில் இறங்காது.

“தந்தார்களா?” என்றேன்.

“குறைந்தபட்சச் சம்பளம் அங்கேயும் இங்கேயும் ஒன்றாக 1996 ஆனது.”

ஐம்பது வருஷம்! பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, 1962 தொடக்கம் 1984 வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தீவிலிருந்து எடுத்துக் க்ரேஸ் போன்ற ஆளில்லாத பிரெஞ்சு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பிய கதையைச் சொன்னார். விடுமுறைக்கு வருவார்கள் என்று நம்பிக் கைநாட்டு வைத்த தாய்மாரும் இருந்தார்களாம். “அந்தப் பிள்ளைகளை ஒருத்தரும் கேட்கவில்லை.” அந்த அம்மா எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருட்டிய பிறகு, கதையை மாற்றுவதற்காக, என் கனகதீவைப் பற்றிச் சொன்னேன். பெரியப்பாவின் கோட்டுக்கு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

போன வருஷம் அவரிடமிருந்து ஒரு பொதி வந்தது. சிலாவோஸ் மலைப்பருப்பு, இரண்டு கிலோ. ஆட்கள் பறந்தால் உள்நாடு. பருப்பு பறந்தால் சுங்கப் பத்திரம் நிரப்ப வேண்டும். பெறுநர் இடத்தில் என் பெயருக்கு முன்னால் ‘கவனர்’ என்று எழுதியிருந்தார். அனுப்புநர் இடத்தில் ரீயூனியன் என்று எழுதி, அதற்குக் கீழே ஓர் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

பருப்பு நல்லாய் அவிந்தது.